சிமெண்ட் தொட்டியில் நுரை

மேலத் தெரு குழு, கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி மழை, சனிக்கிழமை இரவு

பாக்கியம்: யார் வீட்டுப் பிள்ளை எங்கள் பின்வாசல் தொட்டியில் சோப்பைக் கரைத்தது? உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வெள்ளை நுரை அப்பிக் கிடக்கிறது. விடியட்டும், பினாயில் ஊற்றித் தேய்க்கிறேன்.

கோமதி டீச்சர்: மைனி, தேய்ச்சிடாதீங்க! அது சோப்பாக இருக்காது. தொடாமல் ஒரு போட்டோ மட்டும் எடுத்துப் போடுங்க.

பாக்கியம்: [படம்]

கோமதி டீச்சர்: அதேதான், தேரைக் கூடு. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மை முறைக்குமே பழுப்புத் தேரை, அதன் வேலை. பெண் தேரை ஒரு வழுவழுப்பான திரவத்தை விட்டு, பின்னங்காலால் மோர் கடைகிற மாதிரி அடித்து நுரையாக்கும். முட்டையெல்லாம் அதற்குள்ளே. வெளிப்பக்கம் காய்ந்து பொருக்காகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். அதனால்தான் தண்ணீருக்கு மேலே இடம் பார்த்திருக்கிறது.

பாக்கியம்: தலைப்பிரட்டை விழுந்த தண்ணீரில் நான் பாத்திரம் விளக்கவா?

கோமதி டீச்சர்: அந்தத் தண்ணீர் வாழைக்கும் கனகாம்பரத்துக்கும்தானே போகிறது மைனி.

பாக்கியம்: எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். சரி, பினாயில் ஊற்றவில்லை.

பேச்சி ஆச்சி: [குரல் செய்தி. பேரன் எழுதியது: "கைப்பிள்ளை இருக்கிற தெருவில் தேரையை அண்ட விடாதீங்க. தேரை விழுந்தால் பிள்ளை மெலிந்துவிடும்."]

கோமதி டீச்சர்: ஆச்சி, பிள்ளை மெலிந்தால் தேரையைத் தேடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்க.

பேச்சி ஆச்சி: [பேரன் எழுதியது: "அதுவும் செய்யட்டும். தேரையையும் விரட்டட்டும்."]

இசக்கி: அக்கா, நீங்க எடுக்கும் தவளைப் படம் மட்டும் எப்படி முகம் தெரிகிறது? நான் எடுத்தால் இருட்டில் ரெண்டு கண்தான் மின்னுகிறது.

கோமதி டீச்சர்: போன் ஃபிளாஷை அணைச்சிடுலே. டார்ச் முகப்பில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பக்கவாட்டில் பிடி. அப்புறம் தரையில் படு. நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும். கண்ணில் போகஸ் சரியாக இருந்தால் மற்றது மங்கினாலும் குற்றமில்லை. இது கன்னடியன் கால்வாய் ஓரம், நேற்று:

[படம்]

கோமதி டீச்சர்: பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும், மைக்ரோஹைலா என்கிற குட்டித் தவளை வகை. தொண்டைப்பையை ஊதிவிட்டால் பின்னால் தவளையே தெரியாது. சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்கும். டார்ச் அடித்ததும் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் இருந்தால், தள்ளி எங்கேயோ ஒன்று ஆரம்பிக்கும். உடனே போட்டிக்கு இதுவும் கத்தும்.

சங்கரன் அண்ணாச்சி: தவளை தன் வாயால் கெடும்.

கோமதி டீச்சர்: கத்தாத ஆணுக்குப் பெண் கிடைக்காதே அண்ணாச்சி. பாம்புக்குப் பயந்து சும்மா இருக்க முடியுமா?

இசக்கி: பேசாமல் ஒன்றைப் பிடித்து நல்ல இலையாகப் பார்த்து வைத்து எடுத்தால் என்ன?

கோமதி டீச்சர்: உன் கையில் கொசு மருந்து இருக்கும், சானிடைசர் இருக்கும். அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். நீ போன வாரம் ஒரு படம் அனுப்பினாயே, தவளை இலையைக் குடையாகப் பிடித்த மாதிரி. அந்த வகைப் படங்களில் பல, நூல் கட்டியோ, ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்தோ எடுத்தவை. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

சங்கரன் அண்ணாச்சி: கோமதி, இதை உடனே பார் தாயி. கழிவறை ஜன்னல் மேல் இருக்கிறது. கட்டுவிரியனா?

[படம்]

கோமதி டீச்சர்: எல்லாரும் வெளியே வந்துட்டீங்களா? யாரும் கம்பை எடுக்க வேண்டாம். எட்ட நின்றே, ஜூம் செய்து, கழுத்துப் பக்கம் இன்னொரு படம் போடுங்க.

சங்கரன் அண்ணாச்சி: [படம்]

கோமதி டீச்சர்: வெள்ளிக்கோல் வரையன் மாதிரிதான் தெரிகிறது, நஞ்சு இல்லாதது. பட்டை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் போகப் போக மங்குகிறது பாருங்க. கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் பட்டையே இருக்காது, அப்புறம் மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக வால் வரை போகும். முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இது பல்லி தின்ன சுவர் ஏறி வந்திருக்கிறது. ஆனாலும் படத்தை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். கதவைச் சாத்தி, அடியில் துணியைத் திணித்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்க.

சங்கரன் அண்ணாச்சி: கூப்பிட்டாச்சு, வருகிறார்கள். உங்கள் அக்கா திண்ணையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

கோமதி டீச்சர்: இந்த மழைக்காலத்தில் யாரும் தரையில் பாய் விரித்துப் படுக்காதீங்க, அதை மட்டும் சொல்லுங்க. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. விடியும்போது இமை சரிந்து, பேச்சு குழறும்போதுதான் தெரியும். சந்தேகம் வந்தாலே 108.

இசக்கி: எனக்கு இந்த வீட்டுப் பாம்பெல்லாம் வேண்டாம் அக்கா. அடுத்த ஞாயிறு நண்பர்களோடு பைக்கில் மாஞ்சோலை. ராத்திரியில் குழிவிரியன் ரீல்ஸ்.

கோமதி டீச்சர்: மாஞ்சோலை இருக்கிற களக்காடு முண்டந்துறை 1988-லேயே புலிகள் காப்பகமான இடம். அனுமதி இல்லாமல் ராத்திரி இறங்கினால் வழக்குதான். சருகு நிறத்தில் மூக்கு தூக்கிய குழிவிரியன் ஒன்று அங்கே உண்டு, ஒரு முழம்தான் இருக்கும். மிதிக்கும் வரை கண்ணில் படாது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தக் குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை.

இசக்கி: பயமுறுத்தாதீங்க.

கோமதி டீச்சர்: ஊர்வன ஆய்வில் பேர் போன பூபதி சார், 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில்தான் இறந்தார். காடே வாழ்க்கையாக இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்டறிந்த பன்றிமூக்குத் தவளைக்கு 2017-இல் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நீ ஹவாய் செருப்போடு கிளம்புகிறாய்.

இசக்கி: அப்போ போகவே கூடாதா?

கோமதி டீச்சர்: போ. பகலில், அனுமதியோடு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு போ. மேலே காக்காச்சியில் அந்த ஊர்ப் பெயரையே வைத்த புதர்த்தவளை இருக்கிறது, 2012-இல் விவரித்தார்கள். இந்த மலைகளிலேயே இன்னொரு தவளை மூங்கில் கணுக்களுக்கு இடையில் இருக்கும் சிறிய கீறல் வழியாக உள்ளே நுழைந்து முட்டையிடும். தலைப்பிரட்டையே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை. உள்ளே காவல் இருப்பது ஆண். அதைப் பார்க்க வேண்டும் என்று மூங்கிலைப் பிளந்தாய் என்றால் உன் அப்பாவிடம் நானே சொல்வேன்.

வேலு மாமா (சென்னை): கோமதி, போன மாதம் நட்சத்திர ஆமை போட்டாயே, அது எந்தக் காடு? ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்கிறார். படத்தை டாக்குமெண்டாகவே அனுப்பு, தெளிவாக இருக்கும்.

கோமதி டீச்சர்: மாமா, டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே வந்துவிடும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும். திருநெல்வேலிச் சீமை என்று மட்டும் நண்பரிடம் சொல்லுங்க.

வேலு மாமா (சென்னை): அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லைம்மா.

கோமதி டீச்சர்: இருக்காது. ஆனால் அவர் யாரிடம் காட்டுவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வளர்ப்புக்கென்று சாக்கு சாக்காகக் கடத்துகிற ஆமை அது. சர்வதேச வியாபாரத்தையே 2019-இல் தடை செய்துவிட்டார்கள். என் தம்பிக்குக்கூட இடம் சொன்னதில்லை.

சங்கரன் அண்ணாச்சி: தீயணைப்பு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். வரையன்தானாம். உன் அக்கா இறங்கிவிட்டாள்.

வேலு மாமா (சென்னை): சரி சரி, இடம் கேட்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது தவளையாவது காட்டு.

கோமதி டீச்சர்: பொங்கலுக்குள் மழை ஓய்ந்துவிடும், சத்தமே இருக்காது. தவளை பார்க்க வேண்டும் என்றால் கார்த்திகைக்கு வாங்க மாமா.