கோத்தகிரி மழையில் பாத் பாம் அச்சிலேயே பிளந்துவிடுகிறது

9 வயது மகளுக்குப் பாத் பாம் (குளிக்கும் நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டை) செய்யக் கற்றுத் தருகிறேன். ஒன்றுகூட உருப்படியாக நிற்கவில்லை. இடம் கோத்தகிரி. ஐப்பசி மழை, மூடுபனி, துவைத்த துணியே நாலு நாளாகக் காயவில்லை.

அளவு: சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100, சோளமாவு 50, தேங்காய் எண்ணெய் 2 டீஸ்பூன். இந்தக் குளிரில் எண்ணெய் உறைந்தே கிடப்பதால் உருக்கி, ஆறவிட்டுச் சேர்க்கிறோம். பிசையும்போது கையுறை கட்டாயம். சின்னக் கீறல் இருந்தாலும் ஆசிட் எரியும். குழந்தை என்பதால் நீலகிரித் தைலம் சேர்க்கவில்லை.

3 மணி நேரத்தில் மேலே மரு மருவாக எழும்புகிறது, மறுநாள் பிளக்கிறது. வாளியில் போட்டால் பாதி நுரைதான். காற்றின் ஈரமே மீதியைத் தின்றுவிடுகிறது.

தண்ணீருக்குப் பதில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்தோம், அடுப்பை அணைத்துவிட்டுத்தான். சற்றுத் தேவலை. அரிசி டப்பாவுக்குள் வைத்தும் பார்த்தாயிற்று, பலனில்லை. அடுப்பருகே காயவைத்தால் எண்ணெய் கசிகிறது. சோடாவை வறுக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் சலவைச் சோடாவாக மாறிவிடும், பிள்ளையின் தோலுக்கு ஆகாது.

நான் வாங்கியது மோனோஹைட்ரேட் சிட்ரிக் ஆசிட், அதற்குள்ளேயே நீர் உண்டு. நீரற்ற வகைக்கு மாறினால் இந்த ஈரத்திலும் உருண்டை பிளக்காமல் நிற்குமா?