மலை இறக்கத்துக்கான சைக்கிள் ஜாக்கெட்: பார்த்ததைச் சொல்லுங்கள்

மலைச்சக்கரம்:
ஜனவரிக் காலை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி வந்த ஒருவர், டீக்கடை வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றி அதன் கையைத் தலைகீழாகப் பிடித்தார். தண்ணீர் ஒழுகியது. மழையே இல்லை, அத்தனையும் வியர்வை. பாலியூரித்தேன் பூசிய நைலான், 'பிரீதபிள்' (வியர்வை ஆவியை வெளியே விடும்) என்று லேபிள் வேறு. அதையே மாட்டிக்கொண்டு இறங்கினார். 5 டிகிரியில் மணிக்கு 40 கிமீ காற்று பட்டால் -1 போலக் குளிரும், அதுவும் காய்ந்த தோலுக்குத்தான். விரல் விறைத்து, பிரேக் பிடிக்க முடியாமல் வளைவுக்கு வளைவு நின்றார். அந்தக் கை நடுக்கம் மறக்கவே இல்லை.

கியர்34:
லேபிளில் 10,000 என்று இருந்திருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளியே விடும் நீராவி, கிராமில். கம்பெனிக்குக் கம்பெனி சோதனை முறை மாறுவதால் இரண்டு ஜாக்கெட்டை ஒப்பிட அது உதவாது. ஆர்இடி (RET) எண்ணைக் கேளுங்கள், நீராவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. 6-க்குக் கீழே என்றால் அருமை, 20-க்கு மேல் என்றால் வேண்டாம்.

நீலமலை ரைடர்:
கியர்34, ஆர்இடி 6 உள்ள ஜாக்கெட்டும் அந்த ஏற்றத்தில் நனைந்துதான் போயிருக்கும். மெம்பிரேன், அதாவது துணியோடு சேர்ந்த மெல்லிய நீர்புகாப் படலம், நீராவியைத்தான் வெளியே விடும். வியர்வை தண்ணீராகத் தேங்கிவிட்டால் ஒன்றும் நடக்காது. ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றத்துக்கு ஜாக்கெட்டே தேவையில்லை. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன் (பருத்தி கூடவே கூடாது), மேலே ஜெர்சி, போதும். இறக்கம் தொடங்கும் முன், வியர்ப்பு அடங்குவதற்குள் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

எந்த ஜாக்கெட் என்றால், நெஞ்சிலும் கையின் முன்பக்கத்திலும் மட்டும் காற்றுத் தடுப்புத் துணி, முதுகிலும் அக்குளிலும் பின்னல் துணி. காற்று முன்னாலிருந்துதானே அடிக்கிறது! கடையில் துணியை வாயோடு அழுத்தி ஊதுங்கள். நெஞ்சுத் துணியில் காற்று மறுபக்கம் போகக் கூடாது, முதுகுத் துணியில் போக வேண்டும். நேராக நின்று கண்ணாடி பார்த்து வாங்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் குனிந்து கையை நீட்டுங்கள். மணிக்கட்டு தெரிந்தால் கை நீளம் போதாது, இடுப்பு தெரிந்தால் முதுகு நீளம் போதாது. நெஞ்சில் துணி தொளதொளவென்று இருந்தால் இறக்கத்தில் படபடத்து உள்ளே காற்றை இழுக்கும். ஜிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்குமானால் கீழிருந்து காற்று விடலாம். ஜிப்புக்குப் பின்னால் துணி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஜிப் வழியாகவே குளிர் இறங்கும்.

மலைச்சக்கரம்:
முழு ஜாக்கெட் ஏன்? கையில்லாத ஜிலே மடித்தால் ஜெர்சிப் பையில் அடங்கும், தனியாகக் கைக்கு ஆர்ம் வார்மர்.

நீலமலை ரைடர்:
10 டிகிரிக்கு மேல் சரி. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் உறைபனி கொட்டும் நாளில் தோள்பட்டை விறைத்துவிடும். இன்னொன்று, துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரித் துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். துளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஒட்டாமல் காக்கும் வெளிப்பூச்சும் வேலை செய்யாது. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருளாமல் துணியில் ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது. திரவ சோப்பில் அலசி, மறுபடி பூச்சு ஸ்பிரே அடிக்க வேண்டும்.