பூங்கா விளக்குக் கம்பத்தில் ஷாக் அடித்து மாமா இறந்துவிட்டார், வழக்குக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பூங்காவில், போன ஐப்பசி மழையில் என் மாமா இறந்துபோனார். தினமும் விடியற்காலையில் நடக்கப் போகிறவர். தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதற்காகக் கம்பத்தைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். கம்பத்தின் அடியில் இருந்த பெட்டிக்கு மூடி கிடையாது. ஒயர் இணைப்பில் பாலித்தீன் பையைச் சுற்றி, சணலால் கட்டியிருந்தார்கள். மறுநாளே புது மூடி வந்துவிட்டது, பெயின்ட்டோடு! நல்லவேளை, அதற்குள் தம்பி போட்டோ எடுத்துவிட்டான்.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் உள்ளாட்சி ஆபீஸில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுகிறார்கள். அவர் போனையே எடுப்பதில்லை. எப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இரண்டும் கையில் இருக்கின்றன.

டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில் மாநகராட்சிதான் பொறுப்பு என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலையோர மரக்கிளை விழுந்து ஒருவர் இறந்த வழக்கிலும் 1999-இல் அதேதான். அப்படியிருக்க, இந்த ஒப்பந்தக்காரர் சாக்கு எடுபடுமா?

சிவில் வழக்கு என்றால், விபத்து மரணத்துக்கு இழப்பீடு கேட்பதற்கான 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இறந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டுமாம். அத்தையோ, 'உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசு அமைப்புகள் மீது நேரடியாகப் போடும் மனு) போட்டால் சீக்கிரம் முடியும்' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எது சரி? பழைய பராமரிப்புப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? மனுவில் எப்படி எழுதினீர்கள்? இதுமாதிரி வழக்கு நடத்திய வக்கீல் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.