பெயர் மாறினாலும் மாறாத கப்பல் எண்ணுக்கு என்ன சொல்?

நண்பர்களே,
கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஐஎம்ஓ எண் (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏற்பாட்டில் கப்பலுக்குத் தரும் எண்), எம்எம்எஸ்ஐ எண் (கப்பலின் வானொலித் தொடர்புக்கான எண்) இரண்டுக்கும் "அடையாள எண்" என்றே போட்டுவிட்டேன், அது தவறு. எம்எம்எஸ்ஐயில் 9 இலக்கம், முதல் மூன்றும் கொடி நாட்டை, அதாவது கப்பல் பதிவான நாட்டைச் சொல்லும், கொடி மாறினால் அதுவும் மாறும். ஐஎம்ஓவின் 7 இலக்கம் கப்பலை உடைக்கும் நாள்வரை மாறாது. அஸ்டோரியா என்ற பழைய பயணக் கப்பலைப் பாருங்கள். 1956இல் ஆந்திரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பல்மீது மோதிய ஸ்டாக்ஹோம்தான் அது! அப்புறம் அதீனா, அசோர்ஸ் என்று எத்தனையோ பெயர், 2025இல் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு உடைக்கக் கொண்டுபோனார்கள். பெயரை வைத்துத் தேடினால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், 5383304 என்ற அதன் ஐஎம்ஓ எண்ணை வைத்துத் தேடினால் எல்லாம் ஒரே கப்பல். 'பிறப்பெண்' எனலாமா?

> 'பிறப்பெண்' எனலாமா?
பொருந்தாது அம்மா. அந்தக் கப்பல் 1948இல் ஓடத் தொடங்கியது, ஐஎம்ஓ ஏற்பாடு வந்ததோ 1987இல். 'பொறியெண்' என்க. எண்ணைக் கப்பலின் உடலில் அழியாதபடி பொறிக்கிறார்கள் அல்லவா? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளைப் "புலி பொறித்துப் புறம்போக்கி" என்கிறது பட்டினப்பாலை. துறைமுகத்துக்கே உரிய சொல் இது. பொறி, பொள்ளல், பொத்தல் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஐயா, நான் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். பொறியெண் என்றால் எங்கள் பையன்கள் இன்ஜின் நம்பரைத்தான் தேடிப் போவார்கள். 'கல எண்' போதும். இன்னொன்று, அந்த 5383304 எண்ணின் முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், 114 வரும். அதன் கடைசி இலக்கம் 4, கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 4. தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் இதிலேயே பிடிபடும், செயலியில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கல எண் வேண்டாமே. யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்த எங்களுக்குக் கலம் என்றால் செல். 'நிலையெண்' எப்படி?

நிலையெண் எனக்கும் பிடித்தது, ஆனால் அதே திரையில் கப்பல் நிற்கும் இடத்துக்கு 'நிலை' என்று போட்டிருக்கிறேன், இரண்டும் குழம்பும். அதனால் இதற்கு 'ஐஎம்ஓ கப்பல் எண்' என்றும், எம்எம்எஸ்ஐக்கு 'வானொலி அடையாள எண்' என்றும் அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் இது கலைச்சொல் அல்ல, விளக்கம். பட்டியலில் பொறியெண்ணையும் மாற்றுச் சொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.