கலைச்சொல் வேண்டும்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான துண்டறிக்கை

த.செ. எழுதியது:
அன்பர்களே, உளநல மையம் ஒன்றின் துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே நிற்கிறேன்: 'நியூரோடைவர்சிட்டி அஃபர்மிங் தெரபி'. மூளை இயங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது இயல்பே என்று ஏற்றுக்கொண்டு தரும் உளச்சிகிச்சை என்று பொருள். உள்ளே இருப்பதெல்லாம் நேரடியான விஷயம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, பேச வராத அன்று எழுதிக் காட்டலாம், கையை உதறினாலும் முன்னும் பின்னும் ஆடினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள், கேட்கப்போகும் கேள்விகள் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். பதற்றம், தூக்கமின்மை, அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களைப்போல் நடந்துகாட்டி வரும் அசதி, இவற்றுக்குத்தான் உதவி. ஆட்டிசத்தைப் போக்குவதாக ஒரு வரிகூட இல்லை. 'நரம்புப் பன்மை ஏற்புச் சிகிச்சை' என்று போட்டுவைத்திருக்கிறேன். சரியா?

வெ.இரா. எழுதியது:
பன்மை என்பது எண். ஒருமைக்கு எதிர்ச்சொல்லை இங்கே கொண்டுவந்தால் ஒருவருக்குப் பல நரம்பு என்றாகும், பல்வகைமை என்க. ஏற்பு அறவே வேண்டாம். 'ஏற்பது இகழ்ச்சி' என்ற ஆத்திசூடியில் ஏற்றல் என்பது இரத்தல், அந்த நிழல் இன்னும் சொல்லில் இருக்கிறது. சிகிச்சை வடசொல், நமக்குப் பண்டுவம் இருக்கிறது. நரம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொல்காப்பியத்தின் நூன்மரபு என்ற இயலில் கடைசி நூற்பாவில் 'நரம்பின் மறைய' என்று தொல்காப்பியர் சொல்வது யாழ் நரம்பை. ஒவ்வொரு நரம்புக்கும் ஓர் ஒலி, எல்லாம் சேர்ந்தால்தான் பண். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? 'நரம்புப் பல்வகைமை உவப்புப் பண்டுவம்' என்பது என் பரிந்துரை.

மு.க. (மட்டக்களப்பு) எழுதியது:
ஐயா, நரம்பு என்றால் வாசிப்பவருக்கு யாழா நினைவுக்கு வரும், நரம்புத் தளர்ச்சி விளம்பரம் அல்லவா வரும்? பண்டுவம் என்றால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடம் என்றே நினைப்பார்கள். பண்டுவமோ சிகிச்சையோ, இரண்டும் நோய் தீர்ப்பதாகத்தானே சொல்கின்றன? கவுன்சிலிங்கை இலங்கையில் உளவளத்துணை என்கிறோம், ஆற்றுப்படுத்தல் என்பதும் உண்டு. எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது. பரிசில் பெற்ற பாணன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்று தொல்காப்பியத்தின் புறத்திணையியலிலேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஒருவர் தான் கடந்த வழியை இன்னொருவருக்குச் சொல்வதும் இதுவேதான். நியூரோடைவர்சிட்டி என்ற கருத்தே 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் நடத்திய மின்னஞ்சல் குழுக்களில் வளர்ந்ததுதான், அப்புறம் 1998இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டில் வந்தது.

ர. எழுதியது:
நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஆட்டிசம் உண்டு, முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. முதலில் போன இடத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றார்கள். அந்த ஒரு மணிநேரமும் ஆலோசகரின் புருவத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

துண்டறிக்கையில் ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்று தயவுசெய்து போடாதீர்கள். அரசு வழக்கில் உள்ள 'புற உலகச் சிந்தனையற்றோர்' அதைவிட வலிக்கிறது. பக்கத்து அறை டியூப்லைட்டின் இரைச்சல்கூட எனக்குக் கேட்கும், புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான் என் சிரமம். ஆட்டிசம் என்றே எழுதுங்கள், அந்தச் சொல்லைத் தேடித்தான் நாங்கள் வருவோம்.

மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2012இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி, உளச்சிகிச்சையில் எளிய மொழி வேண்டும், உருவகத்தைக் குறைக்க வேண்டும், எழுத்திலும் படத்திலும் சொல்ல வேண்டும், இடையிடையே ஓய்வு வேண்டும் என்கிறது. யாழும் ஆற்றுப்படையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளே நேராகப் பேசப்போகிற இடத்துக்கு வாசலில் உருவகம் வேண்டாமே.

த.செ. எழுதியது:
ர. சொன்னபடி செய்கிறேன். 'ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு: மூளை வேறுபாட்டை மதிக்கும் உளவளத்துணை'. அதன் கீழே, 'உங்களை மாற்ற முயல மாட்டோம்' என்று ஒரு வரி. ஏற்பை எடுத்துவிட்டேன், ஐயாவுக்காக.

வெ.இரா. எழுதியது:
மதிக்கும் என்பது நன்று. இரண்டாவது வரி அதைவிட நன்று. ஆனால் மூளை என்றால் அந்த உறுப்பு மட்டும்தானே? உடல் முழுதும் ஒலியையும் ஒளியையும் வாங்குகிற விதம் அதில் எங்கே வருகிறது? இம்முறை அச்சுக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்குள் நரம்பை மீண்டும் எடுப்பேன்.