கோவலன் செத்தது ஊழ்வினையாலா? இந்தப் பேச்சு உங்க காதுல எங்கே விழுந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோட்டம் போயிருந்தோம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் விடுவாங்க. குமுளியில ஜீப்புக்கு நின்ன கூட்டத்தைப் பார்த்துட்டு, பளியன்குடி வழியா நடந்தே ஏறினோம். பாதி மலையில மூச்சு வாங்க உட்கார்ந்தப்ப, பக்கத்துல ஒரு பெரியவர் கதை சொல்லிட்டிருந்தார். போன பிறவியில கோவலன் பேரு பரதன். சங்கமன்னு ஒரு வியாபாரியை ஒற்றன்னு காட்டிக்கொடுத்துக் கொன்னுட்டான். சங்கமன் பொண்டாட்டி நீலி 14 நாள் அழுது அலைஞ்சு, மலையில ஏறி விழுந்து செத்தா. அவ விட்ட சாபம்தான் மதுரையில பலிச்சதுன்னார்.

கூடலூர்க்கார அம்மா ஒருத்தங்க, வாயில வெல்லத்தை அதக்கிக்கிட்டே கேட்டாங்க: "அவனைப் பிடிச்சது சரிய்யா. இந்தப் புள்ள யாரைக் கொன்னுச்சு?"

பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஏற ஆரம்பிச்சுட்டார்.

*

நான் தமிழாசிரியர். கொலைக்களக் காதை நடத்தும்போது, பாண்டியன் சொன்ன "கொன்று அச்சிலம்பு கொணர்க" வரியில நிறுத்துவேன். 'கொல்ல அவனைக் கொண்டு வா' என்று சொல்ல வந்தவன், வினை விளையும் நேரம் என்பதால் நாக்குப் பிறழ்ந்து 'கொன்று' என்றுவிட்டான் என ஓர் உரை உண்டு. கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன்: "ஐயா, அப்ப எழுத்துப்பிழையில செத்தானா?" வகுப்பே சிரித்தது, நானும்தான்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்தக் காளை. இடைச்சேரியை விட்டுக் கோவலன் கிளம்பும்போது ஒரு காளை எதிரே பாய்கிறது. அது கெட்ட சகுனம். ஆயர்களுக்குத் தெரிந்திருக்கும், வணிகர் குலத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாது என்கிறார் இளங்கோ. எச்சரிக்கை வந்திருக்கிறது, அவனுக்குப் புரியாத பாஷையில். அந்த இடத்தைப் பாடமாக நடத்த இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை.

*

எங்களது பத்தர் குடும்பம். ஊர்ல கோவலன் கூத்து போட்டா, பொற்கொல்லன் வேஷம் மேடை ஏறும் முன்னாடியே தாத்தா எழுந்து வீட்டுக்கு வந்துடுவார். வெட்டினது காவலாளி, அதுவும் 'கல்லாக் களிமகன்'னு பாட்டுலயே இருக்கு. தீர விசாரிக்காம உத்தரவு போட்டது ராஜா. ஆனா கொலுசு பத்தவைக்க வர்றவங்க, "பத்தரே, கண்ணகி சிலம்பு மாதிரி ஆக்கிடாதீங்க"ன்னு எங்ககிட்டதான் சிரிப்பாங்க. விளையாட்டுக்குத்தான். வருஷக்கணக்கா அதே விளையாட்டு.

ஒருநாள் அப்படிச் சொல்லிட்டுப் போன ஒருத்தர், "எல்லாம் விதி பத்தரே, உங்காளு என்ன பண்ணுவான்"னு சமாதானமும் சொன்னார். அவர் தலை மறைஞ்சதும் தாத்தா எங்கிட்ட சொன்னார்: "ராஜா செத்த பிறகு, கொற்கையில இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலி கொடுத்தான். ஒரே பகல்ல 1000 பொற்கொல்லர். விதிதான் செஞ்சுச்சுன்னா, அந்த ஆயிரம் பேர் என்னடா செஞ்சாங்க?"

நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள ஊதுகுழலை வாயில வச்சுட்டார். வச்சுட்டா அப்புறம் பேச மாட்டார்.