முன்பக்கம் மூழ்குது, ஆனா சின்னக் குழிக்கே கை அதிருது: எங்கே ஆரம்பிக்கணும்?

தார்ச்சாலை:
வணக்கம். தினசரி ஓட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே பைக். முன்னால் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க், 120 மி.மீ. டிராவல் (மேலும் கீழும் போகும் தூரம்), வெளியே எந்த அட்ஜஸ்டரும் இல்லை. பின்னால் இரட்டை ஷாக், 5 நாட்ச் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு). என் எடை 82 கிலோ.

பிரேக் பிடிச்சா முன்பக்கம் மளமளன்னு இறங்குது. ஆனா கூர்மையான சின்னக் குழியில ஹேண்டில்பார் அதிருது. பின்னால் ஆள் ஏறினா வளைவில் வண்டி மிதக்குது. மெக்கானிக் ஃபோர்க்குக்குள்ள 20W-ங்கிற கெட்டி ஆயில் ஊத்தி, பின் ஷாக்கை அஞ்சாவது நாட்ச்சுக்கு ஏத்திடலாம்னு சொல்றார். செய்யலாமா?

ஸ்பேனர்செட்:
ரெண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்க. முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்க. 4, 5 பி.எஸ்.ஐ. கூடினாலே நல்ல ஃபோர்க்கும் கல் மாதிரி ஆகிவிடும். கோன்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) ஆட்டமோ, நடுவில் பிடிப்போ இருந்தால் அதையும் சரிசெய்யணும்.

அடுத்து சாக் அளக்கணும், அதாவது எடையில் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று. ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் அளக்க, நீங்க ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார, மொத்தம் மூன்று பேர் வேணும்.

முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, டஸ்ட் சீல் விளிம்பிலிருந்து கீழ் கிளாம்ப்பின் அடிப்பக்கம் வரை அளங்க. அது முழுநீளம். பிறகு கீழே இறக்கி, நீங்க உட்கார்ந்ததும் ஃபோர்க்கை அமுக்கி மெதுவா விட்டு ஓர் அளவு, மேலே தூக்கி மெதுவா விட்டு இன்னோர் அளவு. இந்த இரண்டின் சராசரியை முழுநீளத்திலிருந்து கழித்தால் கிடைப்பது ரைடர் சாக். ஆள் இல்லாமல் இதையே செய்தால் ஃப்ரீ சாக். சாலை வண்டிக்கு ரைடர் சாக் டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உங்க ஃபோர்க்குக்கு 35 முதல் 40 மி.மீ.

அமுக்கி விட்ட அளவுக்கும் தூக்கி விட்ட அளவுக்கும் இடையில் 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபோர்க் உள்ளே உராய்ந்து ஒட்டுகிறது. கை அதிர்வதற்கு இதுவே பல நேரம் காரணம். முன் ஆக்சில் நட்டை இறுக்கி, பின்ச் போல்ட்டை (ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட்) தளர்வாகவே வைத்து, ஃபோர்க்கை ஐந்தாறு முறை அமுக்கி எடுத்து, அதற்குப் பிறகே பின்ச் போல்ட்டை இறுக்கணும். இந்தப் படியை விட்டுவிட்டால் இரண்டு கால்களும் இணையாக நிற்காது. காசே செலவில்லாத வேலை, ஆனால் கவனமாகச் செய்பவர்கள் குறைவு.

இன்னொன்று. ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ரைடர் சாக் சரியாக வந்தும் ஃப்ரீ சாக் ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஸ்பிரிங் உங்க எடைக்கு மென்மையானது, அதை மாற்றியே ஆகணும்.

எண்ணெய்க்குழாய்:
20W பற்றி நான் சொல்றேன். இது டாம்பர் ராட் ஃபோர்க், அதாவது உள்ளே ஓட்டை போட்ட ஒரு தண்டு ஆயிலைத் தடுத்து ஆட்டத்தை அடக்கும் வகை. உள்ளே ஆயில் நிலையான ஓட்டைகள் வழியாகத்தான் போகும். அப்படிப்பட்ட ஓட்டையில் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பிரேக்கில் ஃபோர்க் மெதுவாக இறங்குவதால் தடை போதவில்லை. கூர்மையான குழியில் அது பாய்ந்து ஏறுவதால் ஆயில் அடைபட்டு, அடி நேரா கைக்கு வருது. கெட்டி ஆயில் ஊத்தினா டைவ் (பிரேக்கில் முன்பக்கம் இறங்குறது) கொஞ்சம் நிதானமாகும், குழி அடி இன்னும் மோசமாகும். பிரேக்கில் எவ்வளவு இறங்கும் என்பதை ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும் காற்றும் தீர்மானிக்குது, எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை மட்டும்தான் ஆயில்.

கம்பெனி சொன்ன தடிமனிலேயே புது ஆயில் போடுங்க. ஒரு கம்பெனி 10W இன்னொரு கம்பெனி 10W மாதிரி இருக்காது, 40 டிகிரியில் சென்டிஸ்டோக் (ஆயில் தடிமனின் அலகு) எண்ணை ஒப்பிட்டு வாங்குங்க. மில்லி கணக்கை மட்டும் நம்பாதீங்க, பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுசா அமுக்கி, பம்ப் பண்ணிக் காற்றுக்குமிழி போன பிறகு, குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்கணும். மேனுவல் மட்டத்தைவிட 10 மி.மீ. உயர்த்தினா கடைசி மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் மட்டும் இறுகும். டைவுக்கு இது நல்லா உதவும். அதுக்கு மேல போனா அழுத்தம் ஏறி சீல் கக்கும்.

மூடியைக் கழற்றும் முன் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்க, இல்லேன்னா மரை நாசமாகும். மூடி ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கு, முகத்தை நேர் மேலே வைக்காதீங்க.

தார்ச்சாலை:
நன்றி. அளந்துட்டேன். முன்னால் ரைடர் சாக் 50, ஃப்ரீ சாக் 30. அமுக்கி/தூக்கி வித்தியாசம் 18 வந்தது, ஆக்சிலைச் சரிபண்ணினதும் 9 ஆயிடுச்சு. பின் ஷாக்கைக் கையால் அமுக்கி விட்டா மேலே வந்து, திரும்ப இறங்கி, இன்னொரு தடவை ஆடி நிக்குது.

ஸ்பேனர்செட்:
18 ஒன்பதானதிலேயே கை அதிர்வு பாதி குறைந்திருக்கணும். ஸ்பிரிங்குக்கு மேல் இருந்து அதை அமுக்கி வைக்கும் குழாய்த்துண்டான ஸ்பேசரை இரண்டு காலிலும் 14 மி.மீ. நீளமாக்குங்க. ரைடர் சாக் 36, ஃப்ரீ சாக் 16க்கு வரும், ஆக ஸ்பிரிங் உங்களுக்குப் போதும். கனமான பி.வி.சி. குழாய் போதுமானது, முனை நேராக வெட்டுப்படணும், இருபுறமும் வாஷர் வேணும். முனை சாய்ந்தால் ஸ்பிரிங் வளைந்து குழாயை உரசும். பிறகு ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, வெறிச்சோடிய சாலையில் அழுத்தி பிரேக் பிடித்துப் பாருங்க, டை தள்ளப்பட்டு நிற்கும் இடம் ஃபோர்க் எவ்வளவு இறங்கியது என்று காட்டும். முழு அமுக்கத்துக்கு 10, 15 மி.மீ. மிச்சம் நிற்கணும்.

எண்ணெய்க்குழாய்:
அதுக்குப் பிறகும் கூர்மையான குழியில் அடிச்சா எமுலேட்டர் போடலாம். டாம்பர் ராடின் தலையில் உட்காரும் வால்வு அது, வேகமான அடியில் திறந்து ஆயிலை விட்டுடும். ராடின் அடியில் இருக்கும் கம்ப்ரஷன் (ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் போகும்) ஓட்டைகளைப் பெரிதாக்கணும், வழக்கமா 8 மி.மீ., மொத்தம் ஆறு. மேலே இருக்கும் சின்ன ரீபவுண்ட் (ஃபோர்க் திரும்ப மேலே வரும்போது ஆயில் போகும்) ஓட்டையைத் தொடவே கூடாது. எமுலேட்டர் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஸ்பேசரைக் குறைக்கணும்.

பின் ஷாக் ரெண்டு தடவை ஆடுதுன்னா உள்ளே டாம்பிங் (ஆட்டத்தை அடக்கும் தடை) செத்துப்போச்சு. அஞ்சாவது நாட்ச் வெச்சா ஸ்பிரிங்கோட உதறல் இன்னும் கூடும். ஜோடியாகத்தான் மாத்தணும், அதே கண்-கண் நீளத்தில் (மேல், கீழ் போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம்). நீளமானதைப் போட்டா பின்பக்கம் தூக்கி, ட்ரெயில் (ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைஞ்சு, நேரா ஓடும் உறுதி போகும். தனியா போகும்போது இரண்டாவது நாட்ச், ஆள் ஏறினா நான்காவது, ரெண்டு பக்கமும் ஒரே நாட்ச். மாத்தின பிறகு ஆளோட எடையில் செயின் தளர்வை மறுபடி பாருங்க. ஸ்விங் ஆர்ம் பிவட்டும் பின் ஆக்சிலும் முன் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் அதிகமா இறுகும், அங்கேயும் கொஞ்சம் தளர்வு இருக்கணும்.